அந்த ஆமெனை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"என் மகனுக்கு 12 வயது. மனப்பாட வசனப் போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் பரிசு வாங்குகிறவன். குடும்ப ஜெபம் ஒரு நாளும் தவறாத வீடு எங்களுடையது. அப்படியிருந்தும் ஒரு வருடமாக வாய் கூசாமல் பொய் சொல்கிறான். கணக்குப் பரீட்சைத் தாளை மெத்தைக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு, இன்னும் தரவில்லை என்றான். காணிக்கைக்குக் கொடுத்த பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு, முழுவதையும் போட்டுவிட்டேன் என்று சாதித்தான். அவன் தங்கை அப்படியில்லை. அடித்தும் பார்த்தோம், புத்தி சொல்லியும் பார்த்தோம். இரவு ஜெபத்தில் என் கணவர் அவன் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுகிறார். அவனும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமென் சொல்கிறான். மறுநாள் மறுபடியும் பொய். எங்கள் வளர்ப்பில் என்ன குறை? கிறிஸ்தவ விடுதிப் பள்ளியில் சேர்த்தால் திருந்துவானா?"

பதில்:

சகோதரி, பரீட்சைத் தாளையும் காணிக்கைப் பணத்தையும் பற்றி நீங்கள் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டும் இந்த வயதுப் பிள்ளைகளிடம் காணாதவை அல்ல. இவற்றைத் திருத்த முடியும். ஆனால் போகிறபோக்கில், உங்கள் முயற்சிகளில் ஒன்றாக நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த ஆமெனைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்த இரவு வேளையை உங்கள் மகன் இருக்கும் இடத்தில் இருந்து பாருங்கள். பாட்டு முடிகிறது, வேதபாகம் வாசிக்கப்படுகிறது, எல்லாரும் முழங்கால்படியிடுகிறார்கள். அப்பா முதலில் சபைக்காகவும், நோயுற்றவர்களுக்காகவும், ஊழியர்களுக்காகவும் ஜெபிக்கிறார். பிறகு அவர் குரல் சற்றே மாறுகிறது. தன்னுடைய முறை வந்துவிட்டது என்று பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒளித்துவைத்த தாள், குறைந்த மதிப்பெண், காணிக்கைப் பணம் எல்லாம் வரிசையாக வருகின்றன. தங்கை பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அப்படியில்லை அப்பா, நடந்தது வேறு" என்று சொல்ல அவனுக்கு வழியில்லை, ஏனென்றால் ஜெபத்தின் நடுவில் குறுக்கிடக்கூடாது என்று நீங்கள்தான் பழக்கியிருக்கிறீர்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மட்டும் வாய்திறக்க அனுமதியில்லாத விசாரணை அது. அதிலிருந்து அவன் சீக்கிரம் எழுந்துபோக ஒரே வழி, சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவேண்டிய ஆமெனைச் சொல்லிவிடுவது. அவன் அதைக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அந்த ஆமென் மனதிலிருந்து வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். மறுநாள் நடப்பதைப் பார்க்கும் உங்களுக்கும் தெரியும். காணிக்கையைப் பற்றி அவன் உங்களிடம் ஒரு முறை பொய் சொன்னான். ஜெப வேளையிலோ ஆண்டவர் முன்னிலையிலேயே இரவுதோறும் பொய் சொல்கிறான், நீங்கள் இருவரும் அதைப் பக்தி என்று ஏற்றுக்கொண்டு எழுந்து உறங்கப் போகிறீர்கள். மனதுக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லாமல் பேசும் பயிற்சி அந்தப் பிள்ளைக்கு எங்கே கிடைத்தது என்று நீங்கள் வெளியே தேடவேண்டிய அவசியமே இல்லை. ஜெபித்தவர் கணவர்தானே என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. அந்த முழங்கால்களுக்கு நடுவே நீங்களும் இருந்தீர்கள், பிள்ளையின் முகம் என்ன பாடுபட்டது என்று ஒரு தாய் கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம்.

"பிள்ளைக்காக ஜெபிப்பது தவறா?" என்று கேட்பீர்கள். பிள்ளைக்காக ஜெபிப்பது பெற்றோரின் முதல் கடமை. அதை விட்ட வீடு வெறும் வீடு என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் உங்கள் கணவரின் அந்த ஜெபம் ஆண்டவருக்குச் சொல்லப்பட்டதா, பிள்ளையின் காதுக்குச் சொல்லப்பட்டதா? ஒளித்துவைத்த தாளைப் பற்றி ஆண்டவருக்கு யாரும் தகவல் சொல்லத் தேவையில்லை. யோபு தன் பிள்ளைகள் ஒருவேளை பாவம் செய்திருப்பார்களோ என்று அஞ்சி, அதிகாலையில் எழுந்து அவர்கள் ஒவ்வொருவருக்காகவும் பலி செலுத்தினார். பிள்ளைகளைச் சுற்றிலும் உட்காரவைத்து அவர்கள் குற்றங்களை வாசித்துக்காட்டினார் என்று அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. ஆலயத்தில் நின்று, தூரத்தில் நின்ற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனை, சுட்டிக்காட்டி ஜெபித்த பரிசேயர் ஒருவரைப் பற்றி லூக்கா 18ஆம் அதிகாரம் சொல்கிறது. அவருடைய ஜெபம் ஏற்கப்படவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. குற்றம் செய்தவனிடம் போய், "நீயும் அவனும் தனித்திருக்கையில்" அதை அவனுக்கு உணர்த்தும்படி மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கட்டளையிட்டிருக்கிறார். சபையில் ஒரு சகோதரனுக்குக் காட்டவேண்டிய அந்த மரியாதை சொந்த மகனுக்குக் கிடையாது என்று எந்த வசனத்தில் வாசித்தீர்கள்?

பிள்ளைகள் கீழ்ப்படியவேண்டும் என்று சொன்ன அதே பவுல், கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் அடுத்த வசனத்திலேயே, பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்கிறார். முதல் வசனத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்கிவிட்டு, அடுத்த வசனத்தைத் தமக்கென்று வாசிக்காத பெற்றோர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. திடனற்றுப்போன பிள்ளை பெரும்பாலும் எதிர்த்துப் பேசுவதில்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டும். அந்தத் தலையாட்டலை அடக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய் சூசன்னா வெஸ்லியைப் பற்றி உங்கள் சபையில் கேட்டிருப்பீர்கள். 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் 9 பேரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். இளகிய மனதோடு செல்லம் கொடுத்து வளர்த்தவர் அல்ல. பிள்ளையின் பிடிவாதத்தைச் சிறு வயதிலேயே முறிக்கவேண்டும் என்றும், பிரம்பு தேவை என்றும் நம்பியவர். அப்படிப்பட்டவர் 1732இல் தம் மகன் ஜானுக்குத் தம் வளர்ப்பு முறைகளை விளக்கி எழுதிய கடிதத்தில், தண்டனைக்குப் பயப்படுவதால்தான் பிள்ளைகள் பொய் சொல்லப் பழகி, பிறகு அதை விட முடியாமல் தவிக்கிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். அதனால் தம் வீட்டில் ஒரு சட்டம் வைத்தார். செய்த தவறை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டு, திருந்துவதாக வாக்குக் கொடுக்கும் பிள்ளைக்கு அடி கிடையாது. அந்தச் சட்டத்தால் வீட்டில் எத்தனையோ பொய்கள் தடுக்கப்பட்டன என்று எழுதிவிட்டு, வீட்டில் ஒருவர் மட்டும் அதற்கு உடன்பட மறுத்தார் என்றும், அதனால் அவரிடம் பிள்ளைகள் அடிக்கடி உண்மையைத் திரித்துச் சொன்னார்கள் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்த ஒருவரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. உங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்பதை உங்கள் கணவரும் நீங்களும் பேசி முடிவு செய்யுங்கள்.

அதே தாய், அத்தனை பிள்ளைகளுக்கும் வீட்டு வேலைகளுக்கும் நடுவில், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசுவதற்கு வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கிவைத்திருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. உங்கள் மகனுக்கு எந்தக் கிழமை? உங்கள் கடிதத்தில் அவனோடு சேர்ந்து ஜெபித்தது இருக்கிறது, அவனை அடித்தது இருக்கிறது, அவனுக்குப் புத்தி சொன்னது இருக்கிறது; அவன் பேசி நீங்கள் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. கணக்கில் அவனுக்கு என்ன புரியவில்லை, காணிக்கையிலிருந்து எடுத்த பணத்தை என்ன செய்தான் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியாததால்தான் எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே இன்று இரவிலிருந்து குடும்ப ஜெபத்தில் அவன் குற்றங்கள் வரக்கூடாது. அவன் பெயர் வரட்டும், அவன் உடல்நலத்துக்காகவும் படிப்புக்காகவும் நன்றியும் வேண்டுதலும் வரட்டும். அவன் தவறுகளுக்காக அழவேண்டுமென்றால் நீங்களும் உங்கள் கணவரும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுங்கள்; அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவிடம் அதற்கு வழியிருக்கிறது. பிறகு உங்கள் கணவர் மட்டும் மகனைத் தனியே அழைத்துக்கொண்டுபோய், "உன் தவறுகளை எல்லார் முன்னாலும் ஜெபத்தில் சொன்னது என் தவறு, இனி சொல்லமாட்டேன்" என்று அவனிடம் சொல்லவேண்டும். தகப்பனின் மதிப்பு குறைந்துவிடும் என்று அவர் தயங்கலாம். பாவ அறிக்கையைப் பற்றி வருடக்கணக்காகப் பிள்ளைக்குப் போதித்தவர், அதை ஒரு முறையாவது அவன் பார்க்கும்படி செய்துகாட்டக் கடமைப்பட்டிருக்கிறார்.

இதனால் காணிக்கைப் பணத்தை மறந்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அடி இல்லை என்பதற்கு விளைவு இல்லை என்று பொருள் கொள்ளும் பெற்றோரையும் எனக்குத் தெரியும். அவர்களும் பிள்ளையைக் கெடுக்கிறார்கள். இயேசுவைச் சந்தித்த ஆயக்காரன் சகேயு மனந்திரும்பியதாக வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். உங்கள் மகனிடம் நாலு மடங்கு கேட்கவேண்டாம், எடுத்ததை மட்டும் அவன் சேமிப்பிலிருந்து சிறுகச்சிறுகச் சேர்த்து அவன் கையாலேயே காணிக்கைப் பையில் போடட்டும். பரீட்சைத் தாளையும் அவனே ஆசிரியரிடம் கொண்டுபோய், புரியாத கணக்குகளைக் கேட்கட்டும். நீங்கள் வாசல்வரை கூடப் போகலாம், அவனுக்காகப் பேசக்கூடாது. தங்கையை உதாரணம் காட்டுவதையும் நிறுத்துங்கள். எவ்வளவு பேசலாம் என்பதை அண்ணனுக்கு நடப்பதைப் பார்த்து அவளும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

விடுதியில் சேர்க்கவேண்டாம். நடத்தையைத் திருத்துவதற்காகவே வீட்டை விட்டு அனுப்பப்படும் 12 வயதுப் பிள்ளைக்குப் புரியப்போவது, பெற்றோர் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்பது மட்டும்தான். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் படுத்துக்கொள்ளுகிறபோதும் எழுந்திருக்கிறபோதும் பிள்ளைகளோடு பேசும்படி உபாகமம் கட்டளையிட்டது பெற்றோருக்கு. அந்தக் கடமையை விடுதிக் காப்பாளருக்குக் கட்டணம் கட்டி ஒப்படைக்க முடியாது. வசனங்களை அவன் நெஞ்சில் ஏற்றி முடித்துவிட்டீர்கள். ஒரு ஆண்டுக்கு மனப்பாட வசனப் போட்டியை நிறுத்திவையுங்கள், அந்த நேரத்தை அவனோடு நடந்துபோய்ப் பேசுவதற்குக் கொடுங்கள்.

இந்தப் பதிலை உங்கள் கணவரும் வாசிக்கவேண்டும். இன்று ஜெபத்துக்கு முன்பாக, பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் கொடுங்கள்.