ஏற்றுமதி என்றாலே பெரிய கம்பெனிகள்தானே? சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதில் என்ன பங்கு?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வாங்கியதிலிருந்து சரக்கு அனுப்பும் வரை கவனித்துக்கொள்பவனாக இருக்கிறேன். அதனால் இந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

ஒரு டி-சர்ட் ஆர்டருக்கு, ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் ஒரே கம்பெனியின் பெயர்தான் இருக்கும். ஆனால் நூலைத் துணியாக்கும் நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், துணி பிறகு சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங் வேறிடம். பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் தனித்தனி. வேலை நெருக்கினால் தையலும் வெளியே பவர்டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுக்குப் போய்விடும். இவர்களில் பலர் வெளிநாட்டு பையர் ஒருவரிடம்கூடப் பேசியிருக்க மாட்டார்கள். ஏற்றுமதிக் கணக்கில் அவர்கள் பெயரும் வராது. என்னைக் கேட்டால் இந்த ஊர் ஏற்றுமதியே அவர்கள்தான்.

தரமும் அங்கேதான் தீர்மானமாகிறது. குழந்தைகள் உடுப்பு தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளைத் தேடியெடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தத் துணிக்கட்டு முழுவதையுமே தனியாக வைத்துவிடுவோம். இருபது மெஷின் போட்ட ஷெட்டிலும் இதே கெடுபிடிதான்.

மூவாயிரம் பீஸ், அதிலும் நாலு கலர் என்று வரும் சின்ன ஆர்டரை எடுக்க முடிவதும் இந்த ஏற்பாட்டால்தான். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்தால், ஆர்டர் இல்லாத மாதம் சம்பளம் கொடுத்து மாளாது. சரி, அந்தச் சுமை எங்கே போகிறது? இப்படிக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க்காரர் தலையில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா பல இந்தியப் பொருள்களுக்கு இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியது. இப்படி ஏதாவது வந்தால், வெளியே கொடுக்கும் வேலையைத்தான் ஏற்றுமதியாளர் முதலில் நிறுத்துவார்.

அப்புறம் பணம். சரக்கு கப்பலேறி, பையர் பணம் அனுப்பிய பிறகுதான் தையல் கூலி என்பது இங்கே பழகிப்போன பேச்சு. ஏற்றுமதியாளருக்காவது வங்கியில் பேக்கிங் கிரெடிட், அதாவது சரக்கு அனுப்பும் முன்பே கிடைக்கும் கடன் உண்டு. பவர்டேபிள்காரர் வாரக்கூலியைக் கைக்காசிலோ வட்டிக்கு வாங்கியோதான் கொடுக்க வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தாமதித்தால், பணம் கொடுக்கும் வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்த பிறகுதான் கொஞ்சம் பயம் வந்தது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. அதனால் பதிவு இல்லாத யூனிட்டாகத் தேடிப் பிடித்து வேலை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்!