டனீடினில் ஏப்ரல்: ஒரு ஸ்காட்லாந்துப் பெரியவரின் இலையுதிர்காலம் பற்றிக் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் மாண்ட்ரோஸ் ஊரில் 11 வருடம் இருந்தேன். இப்போது 9 வருடமாக நியூசிலாந்தின் டனீடின் நகரில். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அதே மாண்ட்ரோஸில் பிறந்து வளர்ந்தவர். இளவயதிலேயே இங்கே வந்து தங்கிவிட்டார். இலையுதிர்காலம் வந்தால் அவர் பழம் பறிப்பார், ஜெல்லி காய்ச்சுவார், விளக்குக் குடைவார். அதைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து: அக்கா, இலையுதிர்காலம் என்றால் செப்டம்பர், அக்டோபர் இல்லையா? ஏப்ரல் என்கிறீர்களே?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். இங்கே மார்ச், ஏப்ரல், மே மாதங்கள்தான் இலையுதிர்காலம். இந்த ஊரை ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறி உருவாக்கியதே அந்தப் பருவத்தில்தான். ஜான் விக்லிஃப் என்ற கப்பல் 1848 மார்ச் 23 அன்றும், பிலிப் லேயிங் ஏப்ரல் 15 அன்றும் வந்து சேர்ந்தன. ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவுக்கு அந்நாட்டின் பழைய மொழியான கேலிக்கில் பெயர் டூன் ஏடன். அதுதான் டனீடின் ஆனது. அப்போது அவர்கள் விட்டு வந்த நாட்டில் வசந்தம், இறங்கிய இடத்தில் குளிர்காலம் வரப்போகிற நேரம். முதல் வேலையாகக் கூரை போட்டாக வேண்டியிருந்திருக்கும்.

சேலம்: நியூசிலாந்துக் காடுகள் எப்போதும் பச்சை என்று படித்தேன். அப்புறம் எங்கிருந்து சிவப்பும் மஞ்சளும்?

சரியாகப் படித்திருக்கிறீர்கள். இந்த மண்ணின் மரங்களில் இலை உதிர்ப்பவை மிகச் சில. நிறம் காட்டுவதெல்லாம் குடியேறியவர்கள் கொண்டுவந்த ஓக், மேப்பிள், பாப்லர், ரோவன். பகலில் வெயில், இரவில் நல்ல குளிர் என்று ஒரு வாரம் போனால் சிவப்பு ஏறும். மழையும் மூட்டமுமாக இருந்தால் பழுப்பாகி விழுந்துவிடும்.

கோவை: பிளாக்பெரி ஜெல்லி செய்முறை விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஸ்காட்லாந்தில் அதன் பெயர் பிராம்பிள். பெரியவரும் அப்படித்தான் சொல்வார், வேறு பெயர் சொன்னால் திருத்துவார்.

முதலில் எச்சரிக்கை. நியூசிலாந்தில் இந்தச் செடி குடியேறியவர்கள் கொண்டுவந்து, பிறகு களையாகப் பரவியது. அதனால் சாலையோரத்திலும் வேலியோரத்திலும் களைக்கொல்லி அடிப்பார்கள். அடித்த முதல் சில நாள் இலையில் ஒன்றும் தெரியாது. நிலத்துக்காரரிடம் கேட்காமல் ஒரு பழம்கூடப் பறிக்காதீர்கள்.

ஒன்றரைக் கிலோ பழத்துக்கு இரண்டு புளிப்பு ஆப்பிள். ஆப்பிளைத் தோலோடும் விதையோடும் நறுக்கிப் போடுங்கள். ஜெல்லியை இறுக வைக்கும் பெக்டின் அங்கேதான் இருக்கிறது. மூழ்கும் அளவுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விட்டு, குழையும்வரை வேகவைத்து, சுத்தமான மல் துணியில் ஊற்றி இரவு முழுக்கத் தொங்கவிட வேண்டும். துணியைப் பிழியவே கூடாது. பிழிந்தால் சாறு கலங்கிவிடும். பெரியவர் சமையலறை நாற்காலியைக் கவிழ்த்து வைத்து, நான்கு கால்களிலும் துணியைக் கட்டுவார். அவருடைய அம்மா செய்தபடி. அந்த இரவு வீடு முழுக்கச் சொட்டுச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கப் போவதுதான் வருடத்தில் தனக்குப் பிடித்த இரவு என்பார்.

காலையில் 600 மில்லி சாறுக்கு 450 கிராம் சர்க்கரை. கரைந்தபின் பெரிய தீயில் கொதிக்கட்டும். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி. சுடவைத்த பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள்.

ஆக்லாந்து: எங்கள் வீட்டுப் பக்கம் சாலையோரம் நிறையக் காய்த்திருக்கிறது, பறிக்கலாமா?

மேலே சொல்லியிருக்கிறேன். கேட்காமல் பறிக்காதீர்கள்.

நாகர்கோவில்: நாம் கஞ்சிக்கு உப்புப் போடுகிறோம். ஓட்ஸ் கஞ்சிக்கு எல்லோரும் தேனும் சர்க்கரையும் ஊற்றுகிறார்களே. உங்கள் பெரியவர் எப்படி?

உப்புத்தான். ஏப்ரலில் காலைக் குளிர் தொடங்கியதும் அவர் வீட்டில் அடுப்பேறுவது அதுதான். தட்டையான ஓட்ஸ் இல்லை, நம் அரிசிக் குருணை மாதிரி உடைத்த ஓட்ஸ். இரவே ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்குக்கு மேல் தண்ணீர் விட்டு, ஸ்பர்டில் என்ற உருட்டுக் கட்டையால் கிண்டுவார். பாதி வெந்ததும் உப்பு. தனிக் கிண்ணத்தில் குளிர்ந்த பால். ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியையும் அதில் முக்கிச் சாப்பிடுவார். சூடும் குளிரும் வாயில் சேரும்போது இருக்கும் சுகம் வேறு. பழைய ஸ்காட்லாந்துக்காரர்கள் கஞ்சியைப் பன்மையில் "அவை" என்றுதான் சொல்வார்கள். அவரும் "அவை வெந்துவிட்டன" என்பார்.

லண்டன்: எடின்பரோவில் 6 வருடம் இருந்தேன். என் ஸ்காட்லாந்து நண்பர்கள் எல்லோரும் சர்க்கரைப்பாகு ஊற்றித்தான் சாப்பிட்டார்கள். உப்பு என்பது பழங்கதை.

உங்கள் நண்பர்கள் சாப்பிட்டது உண்மைதான். மாண்ட்ரோஸிலும் என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இனிப்புத்தான். ஆனால் பழங்கதை இல்லை. கார்பிரிட்ஜ் என்ற மலையூரில் 1994 முதல் அக்டோபரில் உலகக் கஞ்சிப் போட்டி நடத்துகிறார்கள். முக்கியப் பரிசான தங்க ஸ்பர்டிலுக்கு ஓட்ஸ், தண்ணீர், உப்பு மூன்றும்தான் அனுமதி. மற்றதெல்லாம் வேறு பிரிவு. ஓட்ஸின் மணத்தை உப்பு எடுத்துக் காட்டும், பாகு மூடிவிடும்.

லண்டன், மறுபடியும்: போட்டி விதி வேறு, வீட்டுச் சாப்பாடு வேறு. ஊரே சர்க்கரை போட்டால் அதுதான் மரபு.

இதை ஒப்புக்கொள்கிறேன். ஊர் சாப்பிடுவதுதான் ஊர்ச் சாப்பாடு. ஆனால் நான் எழுதியது ஊரைப் பற்றி இல்லை, ஊரை விட்டு வந்த ஒருவரைப் பற்றி. அவர் கிளம்பிய நாளில் அம்மா வைத்த கஞ்சியில் உப்புத்தான் இருந்தது. அங்கே இருந்தவர்கள் மாறிக்கொண்டே போகலாம். விட்டு வந்தவர் அந்த ருசியைத்தானே கையோடு கொண்டுவந்தார்?

மதுரை: உப்பைச் சீக்கிரம் போட்டால் ஓட்ஸ் வேகாது என்கிறார்களே?

பழைய நம்பிக்கை. இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்தேன், மென்மையில் வித்தியாசம் தெரியவில்லை.

சென்னை: பாலிலேயே வேகவைக்கலாமா?

வைக்கலாம், அடிப்பிடிக்கும்.

சென்னை, இன்னொருவர்: தேன் நல்லதா, வெல்லம் நல்லதா?

கஞ்சிக் கேள்விகள் இன்னும் 14 இருக்கின்றன, பாதி இதே கேள்வி. இத்துடன் கஞ்சியை இறக்கிவைக்கிறேன்.

தஞ்சாவூர்: விளக்குக் குடைவார் என்றீர்கள், பூசணியிலா?

இல்லை, நீப்பில். டர்னிப் கிழங்கின் உறவு, வெளியே ஊதா, உள்ளே மஞ்சள், கல் மாதிரி இருக்கும். அக்டோபர் 31 இரவு வரும் ஹாலோவீனுக்கு ஸ்காட்லாந்தில் அதைத்தான் குடைந்தார்கள், பூசணி பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தது. குழந்தைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போவார்கள். சும்மா கேட்டால் மிட்டாய் கிடைக்காது. பாட்டோ கவிதையோ ஏதாவது ஒன்று செய்து காட்ட வேண்டும்.

இங்கே அக்டோபர் 31 வசந்தகாலம், இரவு 8 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். விளக்கு ஏற்றி என்ன பயன்? அதனால் பெரியவர் ஏப்ரல் 30 அன்று குடைகிறார். தேதியைப் பார்க்காமல் இருட்டைப் பார்த்து எடுத்த முடிவு, எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது. மெழுகுவத்திச் சூட்டில் மூடி கருகும்போது வரும் வாசனைதான் தன் சிறுவயது என்பார். கத்தியால் குடையாதீர்கள், வழுக்கும். கனமான கரண்டி போதும்.

ஊட்டி: மான்கள் கத்துவதைக் கேட்கப் போவாராமே?

ஆமாம். இதில் ஓர் அழகான விஷயம் இருக்கிறது. டனீடின் இருக்கும் ஒடாகோ பகுதியின் மலைகளில் 1871-ல் விடப்பட்ட செம்மான்கள் இன்வர்மார்க்கிலிருந்து கப்பலில் வந்தவை. அது மாண்ட்ரோஸ் இருக்கும் அதே ஆங்கஸ் மாவட்டத்தில், க்ளென் எஸ்க் பள்ளத்தாக்கின் மேல்முனை. அதாவது அவர் ஊர் மான்கள். அங்கே அக்டோபரில் இணை தேடிக் கத்தியவை, பகல் குறைவதை வைத்துப் பருவம் அறிவதால், இங்கே ஏப்ரலில் கத்துகின்றன. பெரியவர் வருடம் ஒருமுறை விடியற்காலையில் மலையடிவாரத்துக்குக் காரோட்டிப் போய், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார். நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். வயிற்றுக்குள் அதிரும் சத்தம். அதே வாரங்களில்தான் வேட்டைக்காரர்களும் வருவார்கள்; இறங்கி நடப்பதாக இருந்தால் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை கட்டாயம்.

ஈரோடு: சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட காளான் படம் அனுப்பியிருக்கிறேன், சாப்பிடலாமா?

விஷம். மற்ற காளான்களையும் படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

கொழும்பு: இவ்வளவும் இங்கே கிடைக்கும்போது அவருக்கு எதுதான் இல்லாத குறை?

வாத்துகள். செப்டம்பர் கடைசியில் ஐஸ்லாந்திலிருந்து பிங்க்ஃபுட் வாத்துகள் பல்லாயிரமாக மாண்ட்ரோஸ் கழிமுகத்துக்கு வந்து இறங்கும். விடிகாலையில் அவை எழும்போது பேசிக்கொண்டே போவது படுக்கையிலேயே கேட்கும். நான் இருந்த 11 வருடமும் கேட்டேன். இங்கே நேர்மாறு: மார்ச்சில் காட்விட் பறவைகள் ஒடாகோ சேற்றுக்கரைகளை விட்டு அலாஸ்கா நோக்கிக் கிளம்பிவிடும். அங்கே இலையுதிர்காலம் என்றால் பறவை வருவது, இங்கே போவது. அந்த ஒன்று மட்டும் தனக்கு இன்னும் பழகவில்லை என்று சொன்னார்.

பெங்களூரு: இதையெல்லாம் பார்க்க எப்போது வரலாம்?

பழத்துக்கு மார்ச், மானுக்கு ஏப்ரல் தொடக்கம், விளக்குக்கு ஏப்ரல் 30. கம்பளிச் சட்டை எடுத்து வாருங்கள். சாலையோரப் பழம் வேண்டாம்.