கடற்கரை மணலை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

கடலூர்க் கடற்கரைக்குச் செல்லும்போது பிள்ளைகளின் ஆசைக்காகச் சிறிது மணல் எடுத்து வரலாமா, அதை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் வசிக்கும் நான் பல கரைகளின் மணலைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் சேர்த்து வருகிறேன். ஒரு குப்பியளவு எடுத்துக்கொள்ளுங்கள். பை நிறைய அள்ளுவதை என்னால் ஏற்க முடியாது.

நந்தி மலைப்பகுதியில் தோன்றி நம் மாவட்டத்தின் வழியே பாயும் தென்பெண்ணை, கடலூருக்கு அருகில்தான் வங்கக் கடலில் கலக்கிறது. ஆகவே அந்தக் கரையின் மணலில் நம் பக்கத்துப் பாறைகள் உதிர்த்த துகள்களும் கலந்திருக்கும். ஆற்றோடு இறங்கும் மணலில் பெரும்பகுதியைக் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் தடுத்துவிடுவதால், அலை கொண்டுபோகும் மணலுக்கு ஈடாகப் புது மணல் கரைக்குக் குறைவாகவே வந்து சேர்கிறது. ஒருவருடைய கைப்பிடியால் கரை குறையாது என்பது உண்மைதான். ஆனால் விடுமுறைக் கூட்டம் முழுவதும் பையோடு வந்தால் நிலைமை வேறு. இத்தாலியின் சார்தீனியாத் தீவில் மணலோ சிப்பியோ எடுப்பவர்களுக்கு 500 முதல் 3000 யூரோ வரை அபராதம் விதிக்கும் சட்டத்தை 2017இல் கொண்டுவந்தார்கள்.

அலை நனைக்கும் ஈரப்பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள். அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பற்றி நிற்கும் மணல்மேடுதான் புயல் காலத்தில் கரைக்குக் காவல்; அங்கே கை வைக்கவே கூடாது. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுவதால், அப்போது மேட்டுப்பக்கம் தோண்டுவதையும் தவிர்க்க வேண்டும். காலி என்று நினைத்து எடுக்கும் சங்கின் உள்ளே துறவி நண்டு குடியிருக்கலாம். பவளத்துண்டுகளைத் தொடாதீர்கள், அவை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை; மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளிலிருந்து மணல் உட்பட எதையும் எடுக்கக் கூடாது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கரைகளின் கருமணலில் கதிரியக்கம் உள்ள தோரியம் அடங்கிய மோனசைட் தாது கலந்திருப்பதால், அதைப் பிள்ளைகளின் விளையாட்டுக்குத் தர நான் இசையமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மணலை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே குப்பியில் அடையுங்கள். உப்பு தங்கிவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்து மணலைக் கட்டியாக்கிவிடும். எந்தக் கரை, எந்த மாதம் என்று மேலே எழுதி ஒட்டுங்கள். செடித்தொட்டியில் கொட்ட வேண்டாம். மீன்தொட்டியிலும் வேண்டாம், ஏனெனில் சிப்பித்தூள் தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டிவிடும்.

பிள்ளைகளுக்கு உண்மையான மகிழ்ச்சி பூதக்கண்ணாடியில்தான் இருக்கிறது. வெண்மையாகத் தெரிவது பெரும்பாலும் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), சிவந்த மணிகள் கார்னெட் என்னும் கனிமம். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணல்மீது நகர்த்தினால் கரிய இரும்புத்தாதுத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும்; ஒரு சிட்டிகை மணலில் வினிகர் விட்டால் சிப்பித்தூள் உள்ள இடத்தில் நுரை எழும். பக்கத்திலேயே தென்பெண்ணை மணலையும் ஒரு சிட்டிகை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்று மணலில் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும் பருக்கைகள், அலை சலித்த கடல் மணலில் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்.