தோல்முட்டைக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: திருச்செங்கோடு பக்கம் வீட்டில் ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறோம். வெயில் ஏறியதிலிருந்து இரண்டு கோழிகள் தோல்முட்டை (ஓடு கெட்டியாகாத முட்டை) இடுகின்றன. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து வைக்கச் சொல்கிறார் அம்மாயி. வைக்கலாமா?

பதில்: வேண்டாமுங்க. குறைவது கால்சியம் என்று அம்மாயி கணித்தது பெரும்பாலும் சரிதான். கொடுக்கும் வடிவம்தான் சரியில்லை.

கால்சியம் உண்மையில் ஓர் உலோகம். தண்ணீர் பட்டாலே ஹைட்ரஜனைக் கிளப்பும் என்பதால் இயற்கையில் தனியாகக் கிடைக்காது. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரம் செலுத்தித்தான் பிரித்தெடுத்தார். நம் கைக்கு வருவதெல்லாம் அதன் சேர்மங்கள். சங்ககிரியில் வெட்டும் சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், முட்டை ஓடு மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றினால் வெற்றிலைச் சுண்ணாம்பு. இது கடுங்காரம், கலங்கலாகக் குடித்தால் தொண்டை வெந்துபோகும். சரி, தெளியவைத்துக் கொடுத்தால்? ஒரு லிட்டரில் கரைவதே ஒன்றரை கிராம் சொச்சம். கோழி கால் லிட்டர் குடித்தாலும் கால் கிராம் கால்சியம்கூடத் தேறாது. ஒரு முட்டை ஓட்டுக்கோ 2 கிராம் வேண்டும்!

அந்த 2 கிராம் சாதாரணமில்லை. கோழியின் உடம்பில் இருப்பதே மொத்தம் 20 கிராம் அளவுதான். தீவனத்தில் வராவிட்டால் தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு கட்டும், பாவம். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில். அதனால் மாவாக அரைத்ததைவிடக் குருணையாக உடைத்த கிளிஞ்சல் நல்லது. இரைப்பையில் தங்கி விடியும்வரை மெல்லக் கரையும். நாமக்கல் பண்ணைத் தீவனக் கடைகளில் கிடைக்கும். தனித் தட்டில் வையுங்கள், முட்டையிடும் கோழி தேவைக்குக் கொத்திக்கொள்ளும். குஞ்சுத் தீவனத்தில் மட்டும் கலந்துவிடாதீர்கள், சிறுநீரகம் கெடும்.

வாங்கியது கார்பனேட்தானா என்று பார்க்க, ஒரு துண்டின்மேல் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். பொசுபொசுவென்று நுரைத்தால் சரி. நம் காட்டில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) வெள்ளைதான், ஆனால் நுரைக்காது.

அப்புறம், வெயில். கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறிவிடும். ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறையும். எனவே நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அவசியம். இரண்டு வாரத்தில் ஓடு கெட்டிப்படாவிட்டாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயிலும் தோல்முட்டை வரும்.