வாசகர் கேள்வி – பதில்: "இன்னும் மூணே நாள்தான்மா!"

கேள்வி: உயர்நிலை 2 படிக்கும் என் மகன் ஒரு கச்சா கேமில் (குலுக்கல் முறையில் கேரக்டர்களைப் பெறும் விளையாட்டு) மூழ்கிக் கிடக்கிறான். "பேனர் முடியப் போகுது, இப்ப விட்டா அந்தக் கேரக்டர் கிடைக்கவே கிடைக்காது" என்று ஒரே அழுகை. தீபாவளி அங்பாவ் பணம் அத்தனையும் அதில் போயிற்று. இந்த மாதம் கைத்தொலைபேசிக் கட்டணமும் எகிறியிருக்கிறது. எப்படித் தடுப்பது?
– ஈசூன் வாசகி

பதில்: விளையாட்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கணக்கு வெளிப்படையாக இருப்பதால் 'கென்ஷின் இம்பாக்ட்'டை எடுத்துக்கொள்வோம்; மற்றவையும் ஏறக்குறைய இதே வழிதான்.

அதில் பேனர், அதாவது குறிப்பிட்ட கேரக்டருக்கான குலுக்கல், மூன்று வாரம் ஓடும். மூடியபின் பெரும்பாலான கேரக்டர்கள் சில மாதம் கழித்து மறுபடி வரும், சிலவற்றுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். கடிகாரம் ஓடுவது நிஜம். "கிடைக்கவே கிடைக்காது" என்பதுதான் மிகை.

ஒரு விஷ்ஷுக்கு, அதாவது ஒருமுறை குலுக்க, 160 பிரைமோஜெம் (விளையாட்டுக்குள் செலவாகும் நாணயம்) வேண்டும். ஐந்து நட்சத்திரம், அதாவது ஆக உயர்ந்த தரக் கேரக்டர், விழும் வாய்ப்பு 0.6 விழுக்காடு; 90ஆவது விஷ்ஷில் கட்டாயம் விழும். ஆனால் விழுவது வேறு கேரக்டராகவும் இருக்கலாம். அப்படியானால் அடுத்த ஐந்து நட்சத்திரம் கேட்டதுதான். ஆக, மோசமான நிலையில் 180 விஷ், 28,800 பிரைமோஜெம். காசு கொடுத்துக் கற்கள் வாங்கும் ஆகப் பெரிய பொதி 99.99 அமெரிக்க டாலர். முதல்முறைச் சலுகை தீர்ந்தபின் அதில் 8,080 கற்கள்; ஒரு கல் ஒரு பிரைமோஜெம்மாக மாறும். நான்கு பொதி வேண்டும், கிட்டத்தட்ட 400 அமெரிக்க டாலர்! சிங்கப்பூர் வெள்ளியில் இன்னும் கூடும்.

மகனிடம் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. பேனர் மூடினாலும் போட்ட விஷ் எண்ணிக்கை அழியாது. இப்போது 60 போட்டிருந்தால் அடுத்த கேரக்டர் பேனர் 61இல் தொடங்கும். விஷ் திரையின் கீழே 'ஹிஸ்டரி'யைத் திறந்து, கடைசி ஐந்து நட்சத்திரத்துக்குப்பின் எத்தனை என்று இருவருமாக எண்ணிப் பாருங்கள். "இவ்வளவு செலவழித்தது வீணாகிவிடுமே" என்ற பதற்றம் அங்கேயே பாதி இறங்கும்.

காசு கற்களாகி, கற்கள் பிரைமோஜெம்மாகி, அது விஷ்ஷாக மாறுவதற்குள் வெள்ளிக் கணக்கு மறந்துபோகும். 2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இந்த விளையாட்டின் மீது வைத்த புகாரில் இந்தக் குழப்பமும் இருந்தது. நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இனி பூட்டு. ஐபோனில் செட்டிங்ஸ், ஸ்கிரீன் டைம், கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் போய், இன்-ஆப் பர்ச்சேசஸை 'டோன்ட் அலவ்' ஆக்குங்கள். ஸ்கிரீன் டைமுக்குத் தனிக் கடவுக்குறியீடு வையுங்கள், போனைத் திறக்கும் எண் வேண்டாம். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி மாற்றுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் வேறு. கட்டணம் எகிறியிருப்பதால், தொலைபேசிக் கணக்கில் சேரும் 'கேரியர் பில்லிங்' வழி வாங்கியிருக்கக்கூடும். ரசீதில் பாருங்கள், அதுதான் என்றால் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் சொல்லி அதை முடக்குங்கள். கடையில் வாங்கும் டாப்-அப் அட்டையையும் இணையத்தளத்தில் நேரடியாகக் கட்டுவதையும் பிளே ஸ்டோர் பூட்டு தடுக்காது. அங்பாவ் பணம் அந்த வழியில்தான் போயிருக்கும்.

அனுமதியில்லாமல் வாங்கியதை கூகுளிடம் 120 நாளுக்குள் முறையிடலாம். ஆப்பிளுக்கு 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' பக்கம் உண்டு. பணத்தைத் திரும்பக் கேட்டு எடுத்த எடுப்பில் வங்கியிடம் போகவேண்டாம், விளையாட்டுக் கணக்கு முடக்கப்படலாம்.

கேள்வி: தேசிய சேவையில் இருக்கிறேன், வார இறுதியில்தான் விளையாட முடிகிறது. பேட்டில் பாஸ் (விளையாடி நிலைகள் ஏற ஏறக் கூடுதல் பரிசு தரும் கட்டணச் சீட்டு) வாங்கினால், எல்லா நிலைகளையும் முடிப்பதற்குள் அதன் காலமான சீசன் முடிந்துவிடுகிறது. என்ன செய்ய?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: முதல் நாளில் வாங்காதீர்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் இலவசமாகவே நிலைகள் ஏறும். கடைசி வார இறுதியில் வாங்கினாலும் அதுவரை எட்டிய நிலைகளின் பரிசுகள் மொத்தமாகக் கைக்கு வரும். பாதிகூட ஏறவில்லையா, அந்த சீசனை விட்டுவிடுங்கள். பாஸ் வாங்கியவருக்கு மட்டும் தனிப் பணிகள் தரும் விளையாட்டுகளும் சில உண்டு. அவற்றில் இந்த உத்தி பலிக்காது, விதிகளைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.