டெங்கு ஸ்ட்ரிப்: தங்கத் துகளுக்கு முன்னால் காய்ச்சலின் நாளைக் கேளுங்கள்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பயோடெக்னாலஜி இறுதியாண்டு படிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் காய்ச்சலில் படுக்கிறார்கள். டெங்குவா என்று பார்க்க டவுனுக்குத்தான் ஓட வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வீட்டிலேயே செய்து பார்க்கிற மாதிரி, 50 ரூபாய்க்குள் ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ப்ராஜெக்டாகச் செய்ய நினைக்கிறோம். தங்க நானோ துகளா, குளுக்கோமீட்டர் மாதிரியா? எதில் தொடங்குவது?

பதில்: தங்கத் துகளில் தொடங்குங்கள். கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம், கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப் மாதிரி கோடு விழுந்ததா என்று கண்ணால் பார்த்தால் போதும். துகள்மேல் ஒட்டிய ஆன்டிபாடி (ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் புரதம்) வைரஸின் புரதத்தைக் கவ்வி வந்து கோட்டில் நின்றால் சிவப்பாகத் தெரியும். குளுக்கோமீட்டர் வழியும் நல்ல வழிதான். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏராளமாக இருக்கிறது, ஒரு என்சைம் போதும். டெங்கு வைரஸின் என்.எஸ்.1 புரதம் அதைவிடப் பல ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவு. அதை மின்சார சிக்னலாக மாற்ற ஆன்டிபாடி, கழுவுதல், சிக்னலைப் பெருக்குதல் என்று வேலை கூடிக்கொண்டே போகும். அடுத்த கட்டத்தில் அதற்குப் போகலாம். 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வழிகாட்டியின் கடிதத்தோடு போய்க் கேளுங்கள்.

ஆனால் எந்த முறை என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் செவிலியர் நோயாளியின் விரலைக் குத்தப்போகிறார்? என்.எஸ்.1 முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை நன்றாகத் தெரியும், அப்புறம் மங்கும். தொற்றை எதிர்த்து உடம்பு உருவாக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி ஐந்தாம் நாளை ஒட்டித்தான் தலைகாட்டும். நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும்: முதல் இரண்டு நாள் நிலவேம்புக் குடிநீர், மெடிக்கலில் வாங்கிய பாராசிட்டமால், உடம்பு அசந்த பிறகுதான் ஆஸ்பத்திரி நினைப்பு வரும். ஐந்தாம் நாள் தாண்டித்தான் ஆள் வருவார் என்றால், என்.எஸ்.1 மட்டும் பார்க்கிற ஸ்ட்ரிப் பலரைத் தவறவிடும். இரண்டாவது தடவை டெங்கு வருகிறவர்களிடம் நிலைமை இன்னும் மோசம். பழைய ஆன்டிபாடி ஓடிவந்து என்.எஸ்.1ஐப் பிடித்துக்கொள்வதால் ஸ்ட்ரிப்புக்கு அது அகப்படுவதில்லை. கடுமையான டெங்கு அதிகம் வருவதும் இவர்களுக்குத்தான். அதனால் லேபுக்குள் போகும் முன் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதி வாங்கி உட்கார்ந்து, காய்ச்சலோடு வருகிறவர்கள் எத்தனையாவது நாளில் வருகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குதான் ஒரு கோடு போதுமா, என்.எஸ்.1 ஒன்று ஐ.ஜி.எம். ஒன்று என இரண்டு வேண்டுமா என்று முடிவு செய்யும்.

சரி, செய்முறைக்கு வருவோம். தங்கக் குளோரைடின் வெளிர் மஞ்சள் கரைசலைக் கொதிக்கவிட்டு சிட்ரேட் சேர்த்தால், முதலில் கறுப்பாகி, பிறகு ஒயின் சிவப்புக்கு வரும். 40 நானோமீட்டர் அளவுத் துகள் இந்த வேலைக்குத் தோதானது. பலர் அடுத்த படியில்தான் சறுக்குகிறார்கள். துகள்மேல் ஆன்டிபாடி சரியாகப் போர்த்தியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டில் உப்புக் கரைசல் விடுங்கள். சிவப்பு அப்படியே நின்றால் சரி. நீலமாக மாறினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று அர்த்தம், பி.எச். (அமிலத்தன்மை) அளவையோ ஆன்டிபாடி அளவையோ மாற்றுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாமல், ஸ்ட்ரிப்பில் துகளைத் தாங்கும் பேடில் ஊற்றி உலர்த்தாதீர்கள். ஊற்றும்போது சுக்ரோஸ் கட்டாயம் சேருங்கள். சர்க்கரை இல்லாமல் காய்ந்த துகள், சாம்பிள் பட்டதும் கரைந்து ஓடாது. அங்கேயே திட்டாக நிற்கும், கோடு விழ வேண்டிய நைட்ரோசெல்லுலோஸ் காகிதம் முழுக்க இளஞ்சிவப்பு இழுவல் தெரியும். முழு ரத்தம் விடுவதென்றால், சிவப்பணுவை நிறுத்திவைக்கும் வடிகட்டிப் பேடும் வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தின் சிவப்பில் கோட்டின் சிவப்பு தெரியாது.

அப்புறம் வெயில். சித்திரை, வைகாசியில் காரைக்குடியில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். செவிலியரின் பை வண்டியில் தொங்கும்போது உள்ளே அதைவிடக் கூடும். கடைகளில் விற்கும் பல கிட்டுகளின் பெட்டியில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் செய்ததில் பாதியை 4 டிகிரியிலும் பாதியை 45 டிகிரி லேப் ஓவனிலும் நான்கு வாரம் வைத்து, இரண்டிலும் ஒரே சாம்பிளை விட்டுப் பாருங்கள். கோடு மங்கினால் அந்த ஸ்ட்ரிப் புதுவயலுக்கும் கானாடுகாத்தானுக்கும் போகத் தகுதியில்லை. மழைக்காலத்தில் ஈரம் அடுத்த எதிரி. ஃபாயில் பையும் சிலிக்கா ஜெல்லும் இல்லாமல் ஸ்ட்ரிப்பை வெளியே எடுத்துப் போகாதீர்கள். 50 ரூபாய்க் கணக்கு இடிப்பதும் இங்கேதான். காகிதமும் தங்கமும் அதிகம் தின்னாது. ஆன்டிபாடி, ஃபாயில் பை, விரல் குத்தும் லான்செட், பஃபர் (சாம்பிளை ஓடவைக்கும் கரைசல்) குப்பி, தரச் சோதனையில் கழிக்கிற ஸ்ட்ரிப்புகள், இவைதான் காசைத் தின்கின்றன. மாணவர்கள் பெரும்பாலும் ஸ்ட்ரிப்பின் விலையை மட்டும் போட்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். முழுப் பெட்டிக்கும் கணக்குப் போடுங்கள்.

துல்லியத்தைப் பற்றி ஒரு கணக்கு. டெங்கு உள்ளவர்களில் 100க்கு 90 பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 100க்கு 95 பேரைச் சரியாக இல்லை என்று சொல்லும் ஸ்ட்ரிப் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கார்த்திகையில் காய்ச்சல்காரர்கள் 1000 பேரில் 200 பேருக்கு டெங்கு என்றால், பாசிட்டிவ் வந்த 220 பேரில் 180 பேருக்கு உண்மையில் டெங்கு இருக்கும். மாசியில் அதே 1000 பேரில் 20 பேருக்குத்தான் டெங்கு என்றால், பாசிட்டிவ் 67 பேருக்கு வரும், அதில் 18 பேருக்குத்தான் டெங்கு. ஸ்ட்ரிப் அதேதான், மாதம் மட்டும்தான் மாறியது. எந்த மாதத்தில், எந்த மாதிரி நோயாளியிடம் பயன்படுத்தலாம் என்பதைப் பெட்டியோடு போகும் தாளில் தமிழில் எழுதுங்கள்.

அந்தத் தாளில் அதைவிடப் பெரிய எழுத்தில் இன்னொன்று இருக்க வேண்டும்: கோடு விழவில்லை என்பதால் டெங்கு இல்லை என்று ஆகாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு, சோர்வு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும், ஸ்ட்ரிப் என்ன சொன்னாலும், உடனே ஆஸ்பத்திரி. அங்கே ஹீமட்டோகிரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) தட்டணுவும் பார்ப்பார்கள். ஸ்ட்ரிப்பை நம்பி ஒரு பிள்ளையை வீட்டில் வைத்திருந்துவிடக் கூடாது. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு நோயாளியின் ரத்தம் இப்போது தேவையே இல்லை. ஆய்வுக்கூடத்தில் தயாரித்து விற்கும் என்.எஸ்.1 புரதத்தை வாங்கி முதலில் பஃபரில், அடுத்து சீரத்தில் (அணுக்கள் நீக்கிய ரத்த நீரில்) கலந்து, எவ்வளவு குறைவான அளவு வரை கோடு தெரிகிறது என்று பாருங்கள். டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு, நான்கின் புரதத்தையும் வையுங்கள். ஒரு வகையை நன்றாகப் பிடித்து இன்னொன்றைக் கோட்டைவிடும் ஆன்டிபாடிகள் இருக்கின்றன. மிக அதிக அளவையும் ஒரு தடவை விட்டுப் பாருங்கள். புரதம் மிதமிஞ்சிப் போனாலும் கோடு மங்கும். கோடு இருக்கிறதா இல்லையா என்று படிப்பவருக்கு எந்த ஸ்ட்ரிப்பில் என்ன விட்டீர்கள் என்று தெரியக் கூடாது. செய்தவர் கண்ணுக்கு இல்லாத கோடும் தெரியும்.

மனித சாம்பிள் தொட வேண்டிய கட்டம் வந்தால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். மருத்துவக் கருவி விதிகள் 2017இன்படி, சோதித்துப் பார்ப்பதற்காகத் தயாரிக்கவும் உரிமம் உண்டு. அதை வழிகாட்டியோடு இப்போதே விசாரித்துவையுங்கள். அதுவரை உங்கள் ஸ்ட்ரிப்பைக் காய்ச்சலில் இருக்கும் யாரிடமும், வீட்டு மனிதர்களிடம்கூட, போட்டுப் பார்க்க வேண்டாம்.