மகள் சுற்றுலாப் புவியியல் படிக்கப் போகிறேன் என்கிறாளா?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா சார்ந்த புவியியலைத்தான் பட்டப்படிப்பில் எடுப்பேன் என்று மகள் ஒரே பிடியாக நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். ஊர் சுற்றுவதற்கும் மேட்ச் பார்ப்பதற்கும் ஒரு பட்டமா, இதைப் படித்தால் யார் வேலை தருவார்கள் என்பது உங்கள் கவலை. கவலை நியாயமானதுதான். ஆனால் பாடத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

தாய்லாந்தில் மாயா வளைகுடா என்று ஒரு சின்னக் கடற்கரை இருக்கிறது. ஒரு ஹாலிவுட் படம் அங்கே எடுக்கப்பட்ட பிறகு உலகம் முழுவதும் பெயர் பரவி, ஒரே நாளில் ஐந்தாயிரம் பேர் வரை வந்து இறங்கினார்கள். படகுகள் நங்கூரம் போட்ட இடமெல்லாம் பவளப்பாறை உடைந்தது. 2018 ஜூனில் கடற்கரையை மூடினார்கள். சில மாதம்தான் என்று ஆரம்பித்த தடை நீண்டுகொண்டே போய், 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பவளத்தை நட்டு வளர்த்தார்கள். காணாமல் போயிருந்த கருந்துடுப்புச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. இப்போது படகுகள் வளைகுடாவுக்குள் நுழைய முடியாது. தீவின் பின்பக்கம் இறங்கி, நடைபாதை வழியாகத்தான் வர வேண்டும். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு.

அந்த வரம்பு என்ன, படகு எங்கே நிற்க வேண்டும், பாதை எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த மாதத்தில் மூட வேண்டும் என்பதை யாரோ ஒருவர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டுமல்லவா? அதைத்தான் உங்கள் மகள் படிக்கப் போகிறாள். ஓர் இடத்தின் தாங்குதிறன் என்று பாடப் புத்தகத்தில் வரும். இந்த வேலையில் கடலும் மணலும் மட்டும் வராது. படகோட்டியின் தினசரி வருமானமும் வரும். கடற்கரையை மூடினால் அவர் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று கேட்காத திட்டம் நல்ல திட்டமே இல்லை என்பது என் கருத்து.

வெனிஸ் இன்னொரு மாதிரிச் சிக்கல். அதன் பழைய தீவு நகரத்தில் 1951-இல் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வசித்தார்கள். 2022-இல் அது ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டது. வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கான குறுகிய கால வாடகை அறைகளாக மாறின, சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாத விலை வந்தது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். காலையில் வந்து மாலையில் திரும்பிவிடும் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குவதை நகர நிர்வாகம் 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கியது. அது கூட்டத்தைக் குறைக்குமா, நிர்வாகத்துக்கு வருமானம் மட்டும் தருமா? யார் எங்கிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற தரவு இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பணம் எங்கே போகிறது என்பதும் இந்தப் பாடத்தில் பெரிய பகுதி. ஒரு பயணி மொத்தப் பேக்கேஜாகப் பணம் கட்டினால், அதில் விமான நிறுவனத்துக்கும் வெளிநாட்டு ஹோட்டல் குழுமத்துக்கும் போகிற பங்கு போக, அவர் போய் இறங்கும் ஊருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இதைக் கசிவு என்பார்கள்.

விளையாட்டுக்கு வருவோம். 2014 உலகக்கோப்பைக் கால்பந்துக்காக, பிரேசிலின் அமேசான் காட்டு நடுவில் இருக்கும் மனாவுஸ் நகரத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளுடன் ஓர் அரங்கம் கட்டினார்கள். உலகக்கோப்பையில் அங்கே நடந்தது நான்கே ஆட்டங்கள். முதல்நிலை லீக்கில் ஆடும் அணி அந்த நகரத்தில் அப்போது இல்லை. மற்ற பெரிய நகரங்களோ மிகத் தூரம். அத்தனை இருக்கைகளையும் வாராவாரம் நிரப்ப ஆள் எங்கிருந்து வரும்? கட்டுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய புவியியல் கேள்வி அது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டார்கள். கிழக்கு லண்டனில் மாசுபட்டுக் கிடந்த பழைய தொழிற்பேட்டை நிலத்தைச் சுத்தம் செய்து பூங்காவாக்கினார்கள். பிரதான அரங்கம் பிறகு வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி வாடகைக்கு எடுத்து வழக்கமாக ஆடும் மைதானமானது. ஆனால் அங்கேயும் சுற்றுவட்டாரத்தில் வீட்டு விலையும் வாடகையும் ஏறின. அதைத் தாங்க முடியாத பழைய குடியிருப்பாளர்கள் கணக்கில் சேர்ந்தார்களா என்று கேட்கவும் மாணவி கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, வேலை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'புவியியலாளர் தேவை' என்று விளம்பரம் அபூர்வமாகத்தான் வரும். வேலை வேறு பெயர்களில் இருக்கிறது: நகரத் திட்டமிடல், சூழல் தாக்க மதிப்பீடு, போக்குவரத்துத் திட்டமிடல், தேசியப் பூங்கா நிர்வாகம், சுற்றுலாத் தல மேலாண்மை, பெரிய போட்டிகளுக்கான கூட்ட மேலாண்மை, இவற்றுக்கெல்லாம் அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள். இவை எல்லாவற்றிலும் கைகொடுப்பது இரண்டு திறமைகள்: ஜிஐஎஸ் எனப்படும் கணினி வரைபட மென்பொருளில் பழக்கம், புள்ளியியல். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் ஆர்வத்தோடு பட்டம் முடித்தவர்கள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 2019-இல் உலகம் முழுக்க நாடு விட்டு நாடு போன சுற்றுலாப் பயணங்கள் சுமார் 146 கோடி. அடுத்த ஆண்டே, கொரோனாவால், அது எழுபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. சுற்றுலாவை மட்டும் நம்பியிருந்த பலருக்கு அப்போது வேலை போனது. வரைபடமும் தரவும் கையாளத் தெரிந்தவர் சுகாதாரத் துறைக்கோ போக்குவரத்துக்கோ மாறிக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கும் அந்த வழி இருக்க வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை வரி வரியாகப் பாருங்கள். கள ஆய்வு எத்தனை பருவங்களில் இருக்கிறது, ஜிஐஎஸ் கட்டாயப் பாடமா விருப்பப் பாடமா, கடைசி ஆண்டில் சொந்தமாக ஆய்வறிக்கை எழுத வேண்டுமா என்று பாருங்கள். பெயரில் 'சுற்றுலா' இருந்தாலே இந்தப் படிப்பு ஆகிவிடாது. ஹோட்டல் மேலாண்மை, டிராவல் ஏஜென்சி சார்ந்த படிப்பு, விளையாட்டு மேலாண்மை மூன்றும் வேறு. அவை விருந்தினரையும் வாடிக்கையாளரையும் கவனிக்கக் கற்றுத்தருகின்றன. மகளுக்கு மனிதர்களோடு பழகுவதும் ஏற்பாடு செய்வதும்தான் பிடிக்கும் என்றால் அவையே நல்ல தேர்வாக இருக்கலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அவளுக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் ஏதாவது ஒரு பூங்காவுக்கோ விளையாட்டரங்குக்கோ அவளை அனுப்புங்கள். வாசலில் நின்று, வருகிறவர்களிடம் நான்கே கேள்விகள் கேட்கட்டும்: எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள், இங்கே எவ்வளவு செலவு செய்வீர்கள்? பதில்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் புள்ளிகளாக வைக்கட்டும். தூரம் கூடக்கூடப் புள்ளிகள் குறைவது பெரும்பாலும் தெரியும். அது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எங்கே அந்தக் கணக்கு பிசகுகிறது என்பதைத்தான் தேட வேண்டும். ரொம்பப் பக்கத்தில் இருக்கும் ஒரு குடியிருப்பிலிருந்து ஒருவர்கூட வந்திருக்க மாட்டார். நடுவில் கடக்க முடியாத நெடுஞ்சாலையா? பேருந்து இல்லையா? பெண்கள் தனியாக வரத் தயங்கும் பாதையா? நுழைவுக் கட்டணமா?

அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் பேசட்டும். கடைக்காரருக்குக் கூட்டம் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு வாசலை மறித்து நிற்கும் வண்டிகள் வேண்டாம். வருகிறவர்கள் மீது உள்ளூர்க்காரர்களின் மனநிலை மகிழ்ச்சியில் தொடங்கிப் பகையில் முடியக்கூடும் என்று டாக்ஸி (Doxey) என்ற ஆய்வாளர் 1975-இலேயே வரிசைப்படுத்தினார். ஒரு சுற்றுலாத் தலம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டு, வளர்ந்து, தேங்கிப்போகிறது என்பதற்கு பட்லர் என்ற புவியியலாளர் 1980-இல் கோட்பாட்டு மாதிரி ஒன்றைத் தந்தார். இரண்டையும் அவள் பாடத்தில் படிப்பாள். கேட்டுவிட்டு வந்த முகங்கள் மனதில் இருந்தால் அவை தானாகப் புரியும்.

அந்த வேலை முடிந்த பிறகும் கணினி முன்னால் உட்கார்ந்து, வரைபடத்தில் புள்ளியே விழாத அந்தக் காலி இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். பட்டியல் போடுவதிலேயே சலித்துவிட்டாள் என்றால், திட்டாமல், அடுத்த படிப்பைப் பற்றிப் பேச்சை ஆரம்பியுங்கள். முடிவை அவள் வாயாலேயே சொல்லவிடுங்கள்.

சேர்ப்பது என்று முடிவானால், துறைத் தலைவரை நேரில் பார்த்து, முந்தைய ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரிடம் உங்கள் மகளைப் பேச வையுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள், இன்னொரு கல்லூரியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.